இரும்புக்கு விலை தெரியும், உழைப்புக்கு?

எமது கிராமங்களில் இன்று ஓர் ஒட்டுவேலைப் பட்டறையேனும் இல்லாத சந்தியைக் காண்பது அரிது. 2009இல் போர் முடிந்து மக்கள் தம் காணிகளுக்குத் திரும்பியதன் பின்னர் வீடுகள் எழத் தொடங்கின. இந்திய அரசின் உதவியோடு வடக்கிலும் கிழக்கிலும் 46,000 வீடுகளைக் கட்டும் திட்டத்தில் வீடொன்றுக்கு 550,000 ரூபா வழங்கப்பட்டது. வேறு பல வீட்டுத் திட்டங்களும் வந்தன. வீடு எழுந்தால் ஜன்னலுக்குக் கம்பி வேண்டும்; முற்றத்துக்குப் படலை வேண்டும்; கிணற்றுக்கு மூடி வேண்டும். இளைஞர்கள் பயிற்சி பெற்றார்கள். அரச திணைக்களங்களும் தொண்டு நிறுவனங்களும் வெல்டிங் இயந்திரங்களைக் கையளித்தன. கையளித்த நாளில் படமும் எடுத்துக்கொண்டன.

அந்தப் படங்களில் நிற்கும் இளைஞர்கள் எத்தனை பேர் இன்றும் தமது சொந்தப் பட்டறையில் நிற்கிறார்கள்? ஒவ்வொருவரும் தத்தம் ஊரை எண்ணிப் பார்க்கலாம். சிலர் நன்றாக இருக்கிறார்கள். பலர் இயந்திரத்தை விற்றுவிட்டு வெளிநாடு போய்விட்டார்கள், அல்லது கொழும்பில் வேறொருவரின் பட்டறையில் நாட்கூலிக்கு நிற்கிறார்கள். கைவேலை தெரியாததால் இவர்களின் பட்டறைகள் மூடப்படவில்லை என்பதே எனது கருத்து. இவர்களுள் பலர் நல்ல வேலைக்காரர்கள். வேலைக்கு விலை வைக்கத் தெரியாமையும், நற்பெயரை எதன்மேல் கட்டுவது என்பது தெரியாமையுமே இவர்களை வீழ்த்தின. இவ்விரண்டையும் எவரும் அவர்களுக்குக் கற்பிக்கவுமில்லை.

அயல் பட்டறை சொன்ன விலை

புதிதாகப் பட்டறை திறக்கும் தம்பி ஒருவர் விலை சொல்லும் முறையைக் கவனித்துப் பாருங்கள். வாடிக்கையாளர் வந்து நிற்கிறார். "சந்தியிலை எவ்வளவு கேட்டவங்கள் அண்ணை?" என்று தம்பி கேட்கிறார். "எண்பத்தையாயிரம் எண்டு சொன்னவங்கள்." "அப்ப நான் எழுபத்தையாயிரத்துக்குச் செய்து தாறன்." விலை தீர்ந்துவிட்டது. அளவு எடுக்கவில்லை, இரும்பின் தடிப்பைக் கதைக்கவில்லை, எத்தனை நாள் வேலை என்று எண்ணவுமில்லை.

இதில் இரண்டு ஆபத்துகள் உண்டு. சந்தியில் இருப்பவர் சரியாகக் கணக்குப் பார்த்தா 85,000 சொன்னார் என்பது தம்பிக்குத் தெரியாது. அவரும் இன்னொருவரைப் பார்த்துப் பத்தாயிரம் குறைத்தவராக இருக்கலாம். இப்படியே ஒருவரை ஒருவர் பார்த்துக் குறைத்துக்கொண்டு போனால் ஊரிலுள்ள பட்டறைகள் யாவும் ஒரே குழியை நோக்கியே நடக்கின்றன. மற்றது, மலிவென்று வந்த வாடிக்கையாளர் மலிவுக்காகவே போய்விடுவார். நாளை இன்னொரு தம்பி 70,000 என்று சொன்னால் அவர் அங்கே நிற்பார். விலையைக் குறைத்து வாங்கிய பெயர் விலையைக் கூட்டும் நாளிலேயே அழிந்துபோகிறது.

ஒரு மணித்தியாலத்தின் விலை

அப்படியானால் விலையை எங்கிருந்து தொடங்குவது? பட்டறையின் ஒரு மணித்தியாலம் எவ்வளவு பெறுமதியானது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். கீழே தரப்படும் தொகைகள் கணக்கை விளங்கிக்கொள்வதற்காக எடுத்தவை. வாசகர் தமது ஊருக்கும் தமது பட்டறைக்கும் ஏற்ற தொகைகளை இட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு மாதச் செலவை எழுதுவோம். உரிமையாளரின் சம்பளம் 75,000 ரூபா. உதவியாளரின் சம்பளம் 50,000. மின்சாரம் 12,000. இடவாடகை 10,000. கருவிகளின் தேய்மானம் 10,000. போக்குவரத்து, தொலைபேசி, சில்லறைச் செலவுகள் 8,000. மொத்தம் 165,000 ரூபா. கடன் இருந்தால் அதன் வட்டியும் இதனோடு சேரும்.

இந்தப் பட்டியலில் இரண்டு வரிகளைப் பலர் எழுதுவதேயில்லை. ஒன்று, உரிமையாளரின் சம்பளம். "நான் முதலாளி, எனக்கென்ன சம்பளம்? மிஞ்சுவது எனக்குத்தானே" என்பார்கள். மிஞ்சாவிட்டால்? அந்த மாதம் அவருடைய மனைவி பிள்ளைகள் பட்டறைக்கு இனாமாக உழைத்திருக்கிறார்கள் என்பதே அதன் பொருள். மற்றது, தேய்மானம். வெல்டிங் இயந்திரம், கிறைண்டர், துளைபோடும் இயந்திரம் எல்லாம் சேர்த்து 360,000 ரூபா பெறுமதி என்றும், அவை மூன்று ஆண்டுகள் உழைக்கும் என்றும் கொண்டால் மாதம் 10,000 ரூபா தேய்கிறது. கருவியை ஒரு நிறுவனம் இலவசமாகத் தந்திருந்தாலும் கணக்கு இதுவே. இலவசமாக வந்த இயந்திரமும் பழுதாகும். அது பழுதாகும் நாளில் அந்த நிறுவனம் வேறு மாவட்டத்தில் நிற்கும்.

இனி மணித்தியாலத்துக்கு வருவோம். மாதம் 25 நாள், நாளுக்கு 8 மணித்தியாலம், ஆக 200 மணித்தியாலம். 165,000ஐ 200ஆல் பிரித்தால் 825 ரூபா. "சரி, மணித்தியாலத்துக்கு 825" என்று நினைப்பவர் இங்கேதான் விழுகிறார். அந்த 200 மணித்தியாலமும் இரும்பின்மேல் கை இருக்கிறதா? அளவெடுக்கப் போகிறோம். இரும்பு வாங்க நகரத்துக்குப் போகிறோம். வாடிக்கையாளரோடு கதைக்கிறோம். மின்சாரம் நிற்கிறது. செத்தவீடு, கலியாணம், திருவிழா வருகின்றன. காசு தராதவரின் வீட்டுக்கு நடக்கிறோம். உண்மையில் வாடிக்கையாளரின் கணக்கில் எழுதக்கூடிய நேரம் 110 மணித்தியாலம் என்றால், 165,000ஐ 110ஆல் பிரிக்க வேண்டும். விடை 1,500 ரூபா.

825க்கும் 1,500க்கும் இடையில் எவ்வளவு வேறுபாடு! 825 வீதம் 110 மணித்தியாலம் வேலை செய்தால் கிடைப்பது 90,750 ரூபா. செலவோ 165,000. குறைவது 74,250. உரிமையாளரின் சம்பளமாக நாம் எழுதிய 75,000த்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஏறத்தாழ அதே தொகை. மாதம் முழுதும் வேலை இருந்தது, பட்டறையில் ஓயாத சத்தம் இருந்தது, வீட்டில் மட்டும் அரிசி இல்லை என்று சொல்லும் இளைஞருடைய கதை பெரும்பாலும் இந்த ஒரு வகுத்தலுக்குள் அடங்கிவிடுகிறது.

இப்போது ஒரு படலைக்கு விலை போடலாம். கழிவும் சேர்த்து இரும்பு 42,000 ரூபா. ஒட்டுக்கம்பி, வெட்டும் தட்டு, பெயின்ற் 6,000. வேலை 20 மணித்தியாலம், 1,500 வீதம் 30,000. கொண்டுபோய்ப் பொருத்த வாகனம் 4,000. மொத்தம் 82,000. இதற்குமேல் 10 சதவீதம், அதாவது 8,200 ரூபா. இந்தப் பத்து வீதம் பேராசை அல்ல. ஒரு தடவை அளவு பிழைத்தால், ஒரு வாடிக்கையாளர் ஏமாற்றினால், ஓர் இயந்திரம் எரிந்தால் பட்டறையைக் காப்பது இதுதான். விலை 90,200 ரூபா. 825 ரூபாக் கணக்கில் இலாபமும் இல்லாமல் போட்டவர் இதே படலையை 68,500க்குச் செய்வார். வாங்குபவருக்கு 21,700 ரூபா இலாபம் போலத் தோன்றும். அந்தத் தொகையை யார் கொடுத்தார் என்பதே கேள்வி.

இரட்டிப்புக் கணக்கும் சதுர அடிக் கணக்கும்

"இரும்பு விலையை இரண்டால் பெருக்கு" என்பது பட்டறைகளில் வழங்கும் பழைய சூத்திரம். இலகுவானது, ஆனால் நம்பத்தகாதது. பூவேலை செய்த ஒரு ஜன்னல் கம்பிக்கு இரும்பு 8,000 ரூபாதான் போகும். வேலையோ 12 மணித்தியாலம். கூலி 18,000, சில்லறைப் பொருட்கள் 1,500. அடக்கவிலையே 27,500. இரட்டிப்புக் கணக்கில் 16,000 சொன்னவர் 11,500 ரூபாவைக் கையால் கொடுத்துவிட்டு வருகிறார். மறுபக்கத்தில், உழவு இயந்திரப் பெட்டிக்கு அடித்தட்டு மாற்ற இரும்பு 120,000, வேலை 30 மணித்தியாலம், கூலி 45,000, மற்றவை 10,000. அடக்கம் 175,000, பத்து வீதம் சேர்த்தால் 192,500. இரட்டிப்புக்காரர் 240,000 என்று சொல்லி, வரவேண்டிய நல்ல வேலையை இழந்துவிடுகிறார். நட்டம் வரும் வேலைகள் அவரிடம் வந்து குவிகின்றன. இலாபம் தரும் வேலைகள் அவரைக் கடந்து போகின்றன.

சதுர அடிக் கணக்கு இதைவிட மேல். ஒரே மாதிரியான ஜன்னல்கள் பத்துச் செய்யும்போது அது பொருந்தும். இரண்டடிக்கு இரண்டடி ஜன்னல் ஒன்றுக்கு அது பொருந்தாது. அளவெடுக்கப் போவதும், வெட்டுவதும், கொண்டுபோய்ப் பொருத்துவதும் சிறியதற்கும் பெரியதற்கும் ஏறத்தாழ ஒரே நேரத்தையே எடுக்கின்றன. ஆகையால் எந்த வேலைக்கும் ஒரு குறைந்தபட்சக் கூலி இருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட நல்ல ஆசிரியர் ஒரு நாற்பது பக்கக் கொப்பி. ஒவ்வொரு வேலைக்கும் "நினைத்த நேரம்", "எடுத்த நேரம்" என்று இரண்டு எண்கள் எழுதினால் போதும். இருபது வேலை முடிந்ததும், தான் எந்த வேலையைக் குறைத்து மதிக்கிறவர் என்பது அவருக்கே வெளிச்சமாகிவிடும்.

மாறும் விலையும் எழுதிய சொல்லும்

2022ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்க முடியாது. அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. செப்ரெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். மின்கட்டணம் 2022 ஆகஸ்ட் மாதம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டது. அந்நாட்களில் இரும்பு விலையைக் காலையில் கேட்டால் ஒன்று, மாலையில் கேட்டால் இன்னொன்று. வாயால் ஒரு விலையைச் சொல்லிவிட்டு, முற்பணம் வாங்காமல், இரண்டு மாதத்தின் பின் வேலை தொடங்கிய பட்டறைகள் அந்த அலையில் அள்ளுண்டு போயின.

அந்த அலை தணிந்துவிட்டது, பாடம் தணியக்கூடாது. கூறுவிலையை எழுத்தில் கொடுக்க வேண்டும். அதில் ஐந்து விடயங்கள் இருந்தால் போதும்: என்ன அளவு, என்ன தடிப்பில் இரும்பு, எத்தனை பூச்சுப் பெயின்ற், எந்தத் திகதியில் பொருத்துவது, இந்த விலை எத்தனை நாளுக்குச் செல்லும். முற்பணம் குறைந்தது இரும்பின் விலையையேனும் மூட வேண்டும். வாடிக்கையாளரின் படலைக்குப் பட்டறைக்காரர் தமது வீட்டு நகையை அடகுவைத்து இரும்பு வாங்குவது தொழில் ஆகாது. மணித்தியால விலையை ஆறு மாதத்துக்கு ஒரு தடவையேனும் மீண்டும் கணக்கிட வேண்டும்.

சொந்தக்காரரின் சங்கடம் ஒன்றுண்டு. "நீ என்ரை மருமோன்தானே, எனக்கும் கணக்கா?" என்று கேட்கும் மாமாவுக்கு இல்லையென்று சொல்லுவது எமது பண்பல்ல. குறைத்துக் கொடுக்கலாம், ஆனால் மறைத்துக் கொடுக்கக்கூடாது. முழு விலை 90,200 என்று எழுதி, அதன்கீழ் "உறவுக்காகக் கழித்தது 5,000" என்று எழுத வேண்டும். அப்போது மாமாவுக்குத் தான் பெற்ற அன்பின் அளவு தெரியும். அவருடைய அயலவர் வந்து கேட்கும்போது எந்த விலையிலிருந்து தொடங்குவது என்பதும் குழம்பாது.

பெயர் எப்படி வருகிறது

இரும்பு வேலையில் பெயர் மெதுவாக வரும், வந்தால் நிலைக்கும். படலை பொருத்திய நாளில் எல்லாப் படலையும் அழகுதான். இரண்டு மாரி கழிந்தபின் பிணைச்சல் தொங்குகிறதா, அடிச்சட்டத்தில் கறள் ஊறுகிறதா என்பதிலேயே பட்டறையின் பெயர் எழுதப்படுகிறது. மன்னாரிலும் தீவகத்திலும் உப்புக்காற்று வீசும் இடங்களில் இந்தத் தீர்ப்பு இன்னும் விரைவில் வந்துவிடும்.

முதலாவது, தடிப்பில் உண்மை. 2 அங்குலத்துக்கு 1 அங்குலப் பெட்டிக்குழாய் ஒன்றை எடுங்கள். 1.6 மி.மீ. தடிப்புள்ள குழாய் 6 மீற்றர் நீளத்துக்கு ஏறத்தாழ 10.8 கிலோ நிறுக்கும். 1.2 மி.மீ. குழாய் ஏறத்தாழ 8.2 கிலோ. பெயின்ற் பூசியபின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இந்த இரண்டரைக் கிலோவில்தான் பல மலிவு விலைகள் பிறக்கின்றன. மெல்லிய குழாயைப் போடுவது குற்றமல்ல. தடித்ததென்று சொல்லி மெல்லியதைப் போடுவதே குற்றம். வாடிக்கையாளர் கேட்காவிட்டாலும் தடிப்பைச் சொல்லி, வேண்டுமானால் தராசில் வைத்தும் காட்டும் பட்டறை, அந்தக் கிராமத்தில் அதற்குமுன் எவரும் செய்யாத ஒன்றைச் செய்கிறது.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் செய்யும் வேலை. மூட்டைச் சுற்றிவர ஒட்டியதா, முன்பக்கம் மட்டும் புள்ளி வைத்ததா? கசடைத் தட்டி அகற்றியதன் பின் பூசியதா, கசடின்மேல் பூசியதா? கறளைத் துடைத்து றெட் ஒக்சைட் பூச்சிட்டதா? குழாயின் வாய் மூடப்பட்டதா? வாய் திறந்த குழாய்க்குள் மழைநீர் இறங்கி உள்ளிருந்தே அரித்துவிடும். நாகம் பூசிய குழாயை ஒட்டினால், ஒட்டிய இடத்தில் அந்தப் பூச்சு எரிந்து போகிறது. அந்த இடத்துக்கு மறுபடி காப்புப் பூச்சு இட வேண்டும். எரியும்போது எழும் புகை காய்ச்சலையும் தருவதால் காற்றோட்டமான இடத்தில் நின்றே ஒட்ட வேண்டும். முகக்கவசம், கையுறை, கறுப்புக் கண்ணாடி ஆகியவற்றின் செலவும் விலைக்குள் அடங்க வேண்டியதே. கண்ணைக் கெடுத்துக்கொண்டு மலிவாகச் செய்வது மலிவல்ல.

மூன்றாவது, திகதி. வீடு குடிபுகும் நாளுக்கு முன் ஜன்னல் வரவேண்டும். வராவிட்டால் அந்த வீட்டுக்கு வந்த விருந்தினர் நூறு பேரும் பட்டறையின் பெயரைக் கேட்டுக்கொண்டு போவார்கள். ஆனால் வேலை கொடுப்பதற்காக அல்ல. "நாளைக்குத் தாறன்" என்ற சொல் எமது தொழிலாளரின் பெயரைக் கெடுத்ததுபோல் வேறெதுவும் கெடுக்கவில்லை. சொன்ன நாளுக்கு முடியாதென்று தெரிந்தால் இரண்டு நாள் முன்னரே சென்று சொல்ல வேண்டும். கோபிப்பார்கள்; ஆனால் நம்புவார்கள்.

நான்காவது, திரும்பிப் போய்ப் பார்த்தல். முதல் மாரி முடிந்ததும் செய்த வேலைகளை ஒரு சுற்றுப் பார்த்துவர ஒரு நாள் போதும். தொங்கிய பிணைச்சலை இனாமாகச் சரிசெய்வதற்கு அரை மணித்தியாலம் போகும். அந்த அரை மணித்தியாலம் தரும் விளம்பரத்தை எந்தப் பலகையும் தராது. ஒவ்வொரு வேலையிலும் பட்டறையின் பெயரும் தொலைபேசி எண்ணும் பொறித்த சிறு தகடு ஒன்றைப் பொருத்துவதும் நல்லது. பெயரைப் பொறித்த பின் கவலையீனமாக வேலை செய்யக் கை கூசும்.

சான்றிதழும் வேண்டும். அனுபவத்தால் தொழில் கற்றவர்களும் முழுப் பயிற்சிநெறியைத் தொடராமல், மதிப்பீடு ஒன்றுக்குத் தோற்றித் தேசிய தொழில் தகைமையைப் பெற வழியுண்டு. அதைப் பெறாமல் இருப்பவர்கள் பெற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் சான்றிதழ் பட்டறையின் சுவரில் தொங்கும்; பிணைச்சலோ வீதியில் தொங்கும் என்பதை மறக்கலாகாது.

அவசரத்துக்கு என்ன விலை?

காலபோக அறுவடை நேரம். இரவு எட்டு மணிக்கு உழவு இயந்திரப் பெட்டியின் கொழுக்கி முறிந்துவிட்டது. வயலில் நெல் வெட்டிக் கிடக்கிறது, வானம் இருட்டியிருக்கிறது. விவசாயி பட்டறையின் கதவைத் தட்டுகிறார். அவர் இப்போது எவ்வளவு கேட்டாலும் தருவார். எவ்வளவு கேட்கலாம்?

13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமஸ் அக்குவைனாஸ் நீதியான விலையைப்பற்றி எழுதுகையில் இந்தக் கேள்விக்கு ஒரு தெளிவான கோட்டைக் கிழித்தார். விற்பவருக்கு அந்த விற்பனையால் ஓர் இழப்பு நேருமானால் அதை அவர் விலையில் சேர்க்கலாம். வாங்குபவரின் தேவை பெரிது என்பதற்காக மட்டும் விலையைக் கூட்டலாகாது. ஏனெனில் அந்தத் தேவை விற்பவருடைய சொத்து அல்ல. எங்கள் பட்டறைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். இரவுத் தூக்கம் பட்டறைக்காரருடையது. அதற்கு அவர் விலை கேட்கலாம். மறுநாள் முடிக்க வேண்டிய வேலை பிந்தினால் அதற்கும் கேட்கலாம். மேகம் கறுத்திருப்பது அவருடைய உழைப்பல்ல. அதற்கு அவர் விலை கேட்கக்கூடாது. இரவு வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி என்று முன்கூட்டியே எழுதிப் பட்டறையில் தொங்கவிட்டால், அவசரத்தில் வந்தவருக்கும் அவமானம் இல்லை. செய்பவருக்கும் மனச்சாட்சி உறுத்தாது. அந்த விவசாயி மறுபோகத்துக்கு இரும்புச் சில்லுச் செய்ய எந்தப் பட்டறைக்குப் போவார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

"ஏழைச் சனம் எப்படிக் கொடுக்கும்?"

இவ்வளவும் வாசித்த ஒருவர் நியாயமாகவே கேட்கக்கூடும்: "எங்கள் ஊரில் 90,000 ரூபாவுக்குப் படலை போட யாரிடம் காசு இருக்கிறது?" இக்கேள்வியை நாம் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் வறுமைக்கு விடை இன்னொருவரை வறியவராக்குவதன்று.

வேலையின் அளவைக் குறைக்கலாம். உழைப்பவரின் கூலியைக் குறைக்கத் தேவையில்லை. பூவேலையை நீக்கி நேர்க்கம்பி மட்டும் போட்டால் நேரம் குறையும். பழைய இரும்பு வீட்டில் இருந்தால் கொண்டுவரச் சொல்லலாம். பெயின்றை வீட்டுக்காரரே பூசலாம். இரட்டைப் படலைக்குப் பதில் இன்று ஒற்றைப் படலை, அடுத்த போகத்தின்பின் மற்றது என்று பிரிக்கலாம். நெல்லோ வெங்காயமோ விற்ற பின் மிகுதியைத் தரும் விதத்தில் எழுதி ஒப்பந்தம் செய்யலாம். "உங்களிட்டை எவ்வளவு இருக்குது ஐயா? அதுக்குள்ளை உறுதியா என்ன செய்யலாம் எண்டு பாப்பம்" என்று கேட்கும் பட்டறையும், "எவ்வளவு எண்டாலும் செய்து தாறன்" என்று சொல்லும் பட்டறையும் ஒன்றல்ல. பின்னையது எங்கோ ஓரிடத்தில் வெட்டியே தீரும். அது பெரும்பாலும் இரும்பின் தடிப்பில், அல்லது உதவிக்கு நிற்கும் பொடியனின் சம்பளத்தில் இருக்கும்.

அந்தப் பொடியனை நாம் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. உரிமையாளருக்கே சம்பளம் இல்லாத பட்டறையில் பயிலுநருக்கு என்ன கிடைக்கும்? தேநீரும் வடையும் "தொழில் பழகுறாய்தானே" என்ற சொல்லும் கிடைக்கும். ஓராண்டு நிற்பான், பிறகு போய்விடுவான். குறைந்த விலையால் நாம் சேமித்ததாக எண்ணும் காசைவிட, இப்படி ஊரைவிட்டுப் போகும் கைத்திறன் பெரிய இழப்பு.

வேலை கொடுப்போரின் பொறுப்பு

இனி நாம் எம்மையே பார்க்க வேண்டும். கிராமத்தில் பெரிய வேலைகளைக் கொடுப்பவர்கள் யார்? பாடசாலைகள், கூட்டுறவுச் சங்கங்கள், கோவில் நிர்வாகங்கள், பங்குச் சபைகள், தொண்டு நிறுவனங்கள். மூன்று கூறுவிலைகளை எடுத்து ஆகக் குறைந்ததைத் தெரிவுசெய்வது எமது வழக்கம். காசைக் காக்கும் நல்ல நோக்கம்தான். ஆனால் தடிப்பையும் பூச்சையும் எழுதிக் கொடுக்காமல் மூன்று விலை கேட்டால், நாம் மூன்று வேறு பொருட்களுக்கு விலை கேட்கிறோம். அவற்றுள் ஆக மெல்லியதையே தெரிவுசெய்கிறோம். நேர்மையாகக் கணக்குப் பார்த்த பட்டறை அங்கே தோற்றுப்போகிறது. நேர்மைக்கு அதுவே நாம் கொடுக்கும் பரிசு.

அதன்பின் காசு கொடுக்கும் நேரம் வருகிறது. ஒப்பமிட வேண்டியவர் கூட்டத்துக்குப் போய்விட்டார், கணக்காளர் லீவு, அடுத்த காலாண்டு நிதி இன்னும் வரவில்லை. பெரிய நிறுவனத்துக்கு மூன்று மாதத் தாமதம் ஒரு கோப்புத் தாள். இரும்புக் கடைக்குக் கடன் சொல்லி வேலை செய்த இளைஞருக்கு அது வட்டி, அவமானம், சிலவேளை பட்டறையின் முடிவு.

ஆகையால் மூன்று வேண்டுகோள்கள். வேலையை எழுதிக் கேளுங்கள்: அளவு, தடிப்பு, பூச்சு, திகதி. பாதித் தொகையை முற்பணமாகக் கொடுத்து, மிகுதியை வேலை முடிந்து 14 நாட்களுக்குள் கொடுங்கள். சுயதொழிலுக்கென்று வெல்டிங் இயந்திரம் வழங்குவோர், அதனோடு விலைக்கணக்கைப் பழக்கும் ஒரு வாரப் பயிற்சியையும் இரண்டு மாத இரும்பு வாங்கும் சுழல் முதலையும் சேர்த்து வழங்குங்கள். அதற்கு நிதி போதாதென்றால் பத்துப் பேருக்குக் கொடுப்பதை ஐந்து பேருக்குக் கொடுங்கள். ஒரே சந்தியில் ஐந்து பேருக்கு ஒரே இயந்திரத்தைக் கொடுத்துவிட்டு, ஒருவர் விலையை ஒருவர் வெட்டுவதைப் பார்த்து "எங்கடை சனத்துக்கு ஒற்றுமை இல்லை" என்று சலித்துக்கொள்வதில் பயனில்லை.

பட்டறை திறக்க இருக்கும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் சொல்லக்கூடியது சுருக்கமானது. இயந்திரத்தை வாங்குமுன் ஒரு கொப்பி வாங்குங்கள். முதற்பக்கத்தில் உங்கள் மாதச் சம்பளத்தை வெட்கப்படாமல் எழுதுங்கள். அதன்கீழ் மற்றச் செலவுகளை எழுதுங்கள். உண்மையில் வேலை செய்யும் மணித்தியாலத்தால் வகுத்துப் பாருங்கள். வருகிற எண் உங்களைத் திடுக்கிட வைக்கும். அந்த எண்ணை மாற்றி எழுதாதீர்கள். அந்த எண்ணுக்குத் தகுந்ததாக உங்கள் வேலையை ஆக்குங்கள்.